நம் பெயரில் எழுதப்படும் பேரேடு

மாதக் கணக்கில் மளிகை வாங்கிய தலைமுறையினருக்கு இரண்டு நோட்டுகள் நினைவிருக்கும். ஒன்று, கடைக்காரரின் மேசை மீதிருந்த பெரிய நோட்டு. மற்றொன்று, நம் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கிய சிறிய நோட்டு. அரிசி, பருப்பு, எண்ணெய் என எதை வாங்கினாலும் கடைக்காரர் இரண்டிலும் எழுதுவார். மாத முடிவில் வாப்பா கணக்கைத் தீர்க்கச் செல்லும்போது இரண்டும் அருகருகே விரிக்கப்படும். ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இல்லையென்றால் அங்கேயே பேசித் திருத்திக்கொள்வார்கள். கொடுத்தவர் கையிலும் வாங்கியவர் கையிலும் ஒரே கணக்கு இருந்ததால் அந்த உறவு ஆண்டுக்கணக்கில் நிலைத்தது.

இன்று நம் பெயரில் அதைவிடப் பெரிய நோட்டு ஒன்று எழுதப்பட்டு வருகிறது. வாங்கிய கடன், கட்டிய தவணை, தவறிய தேதி, பிறருக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்து ஆகிய அனைத்தும் அதில் பதிவாகின்றன. சட்டம் அதைக் கடன் தகவல் அறிக்கை என்கிறது. மக்கள் வழக்கில் அதற்குச் 'சிபில்' என்று பெயர். வங்கிகள் அதைப் பார்க்கின்றன. நிதி நிறுவனங்கள் பார்க்கின்றன. நாம்தான் பார்ப்பதில்லை. பார்க்கும் உரிமை நமக்கு இருக்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. அந்த உரிமை எளிதில் கிடைத்ததன்று. அது எப்படி வந்தது என்பதை அறிந்தால் அதைப் பயன்படுத்தாமல் விடுவதன் இழப்பும் புரியும்.

கடனை எழுதிக்கொள்வது நமக்குப் புதிய செய்தியன்று. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கடன் எழுதுவதைப் பற்றியதே. தவணை குறித்த கடன் எழுதப்பட வேண்டும். எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும். சாட்சிகள் இருக்க வேண்டும். தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதில் சலிப்புக் கூடாது என்று அது கற்பிக்கிறது. அதில் நாம் அதிகம் சிந்திக்காத விதி ஒன்றும் உண்டு. எழுத்தருக்கு வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் கொடுத்தவர் அல்லர், கடன் பட்டவர். அவரால் சொல்ல இயலாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டும். பொறுப்பு யார் தோளில் விழுகிறதோ அவர் அறியாமல் அந்தப் பதிவு உருவாவதில்லை. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு கடன் அறிக்கையின் வரலாற்றைப் பார்ப்போம்.

நியூயார்க்கின் பேரேடுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க வணிகம் பெரும்பாலும் கடனில் நடந்தது. உட்பகுதி ஊர்களிலிருந்து கடைக்காரர்கள் நியூயார்க்குக்கு வந்து, மாதக்கணக்கான தவணையில் சரக்கு எடுத்துச் செல்வார்கள். முன்பின் அறியாதவருக்கு எந்த நம்பிக்கையில் சரக்குக் கொடுப்பது என்பதே மொத்த வணிகரின் கவலை. ஊர்ப் பெரியவரின் அறிமுகக் கடிதம் ஒன்றுதான் அப்போது ஆதாரம்.

ஆர்தர் தப்பன், லூயிஸ் தப்பன் என்ற சகோதரர்கள் அந்நகரில் பட்டு வணிகம் செய்து வந்தனர். 1837ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் வாடிக்கையாளர்கள் பலர் கடனைத் திருப்பித் தர முடியாமல் போக, அவர்களுடைய நிறுவனமும் முடங்கியது. யாரை நம்பலாம், யாரை நம்பக் கூடாது என்ற அறிவையே விற்கலாம் என்ற எண்ணம் அந்த அனுபவத்திலிருந்து லூயிஸ் தப்பனுக்குப் பிறந்தது. 1841இல் அவர் 'மெர்க்கன்டைல் ஏஜென்சி' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்.

தப்பன் அடிமை முறையைத் தீவிரமாக எதிர்த்தவர். அதற்காக 1834இல் கலவரக்காரர்கள் அவருடைய வீட்டைச் சூறையாடினர். 'அமிஸ்டாட்' கப்பலில் கலகம் செய்து பிடிபட்ட ஆப்பிரிக்கர்களின் விடுதலை வழக்குக்கு முன்னின்று உதவியவரும் அவரே. நேர்மையானவர் ஒருவர் வணிகத்தில் ஏமாற்றைக் குறைக்கவே இந்த ஏற்பாட்டைத் தொடங்கினார் என்பதை நாம் மறக்கலாகாது. குறை அவருடைய எண்ணத்தில் இல்லை. ஏற்பாட்டின் அமைப்பில் இருந்தது.

ஊர்தோறும் அவருக்குச் செய்தியாளர்கள் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் வழக்கறிஞர்கள். தம் ஊர் வணிகரின் சொத்து, கடன், குணம், குடிப்பழக்கம், குடும்ப நிலை ஆகியவற்றைப் பற்றி அவர்கள் நியூயார்க்குக்கு எழுதி அனுப்புவார்கள். எழுத்தர்கள் அவற்றைப் பெரிய பேரேடுகளில் படியெடுப்பார்கள். சந்தா கட்டிய வணிகர் அலுவலகத்துக்கு வந்து கேட்டால், உரிய பக்கத்தைத் திறந்து ஓர் எழுத்தர் படித்துக் காட்டுவார். சந்தாதாரர்கூடப் பேரேட்டைத் தொட முடியாது; செவியால் மட்டுமே கேட்கலாம். எழுதப்பட்டவருக்கோ அந்த அறைக்குள் இடமே இல்லை. தம்மைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது. பின்னாளில் ஆர்.ஜி. டன் நிறுவனம் என்று பெயர் பெற்ற அந்த ஏஜென்சியின் பேரேடுகளில் 2,500க்கும் மேற்பட்டவை இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பேக்கர் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

அவற்றை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள் கவலைக்குரிய ஒன்றையும் கண்டனர். யூத வணிகரைப் பற்றிய பல குறிப்புகளில் அவர் யூதர் என்பதே ஐயத்துக்குரிய காரணமாக எழுதப்பட்டிருந்தது. ஒருவர் தவணையை ஒழுங்காகக் கட்டினாரா என்பதைவிட அவர் எந்தச் சமூகத்தவர் என்பது சில பக்கங்களில் முன்னே நின்றது. அந்த வரியைப் பார்க்க அவருக்கு வழியில்லை. பார்க்க முடியாததை மறுக்கவும் முடியாது.

மறுக்க முயன்ற ஒரு வழக்கு பதிவாகியுள்ளது. ஒஹாயோ மாநிலத்தின் நார்வாக் என்ற சிற்றூரில் கடை நடத்திய பியர்ட்ஸ்லி சகோதரர்கள், தங்களைப் பற்றிய பொய்யான குறிப்பால் வணிகம் கெட்டதாகத் தப்பன் மீது வழக்குத் தொடுத்தனர். குறிப்பில் குடும்ப விவகாரமும் இடம்பெற்றிருந்தது. 1851இல் நடந்த விசாரணையில், எழுதி அனுப்பியவர் யார் என்று சொல்ல மறுத்த ஏஜென்சியின் பங்காளி சிறைக்குச் சென்றார், பெயரைச் சொல்லவில்லை. நடுவர் குழு 10,000 டாலர் இழப்பீடு வழங்கியது. ஆனால் 1870இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. பிற்காலத்து நீதிமன்றங்கள் பல, சந்தாதாரருக்கு நல்லெண்ணத்தோடு சொன்ன தகவலுக்குப் பாதுகாப்பு உண்டு என்ற நிலையை எடுத்தன. பேரேட்டின் கதவு மேலும் இறுக்கமாக மூடிக்கொண்டது.

கடைக்காரரிலிருந்து குடும்பத்துக்கு

தப்பனின் பேரேடுகள் வணிகரைப் பற்றியவை. சாதாரணக் குடும்பங்களின் பக்கம் இந்த முறை திரும்பியது பின்னர்தான். 1899இல் அட்லான்டா நகரில் வுல்ஃபோர்டு சகோதரர்கள் 'ரீடெய்ல் கிரெடிட் கம்பெனி'யைத் தொடங்கினர். கடைகளில் கணக்கு வைத்திருப்போரின் பெயர்களைத் திரட்டி, உடனே கட்டுபவர், தாமதிப்பவர், ரொக்கம் கேட்க வேண்டியவர் எனக் குறித்து, அப்பட்டியலைக் கடைக்காரர்களுக்கு விற்றனர். விரைவில் காப்பீட்டு நிறுவனங்களும் அவர்களுடைய வாடிக்கையாளர்களாயின. விசாரணையாளர்கள் தெருவுக்குச் சென்று அண்டை வீட்டாரிடம் கேட்டு எழுதினர். குடிக்கிறாரா, குடும்பத்தில் சச்சரவு உண்டா, வீடு சுத்தமாக இருக்கிறதா என்பவையும் கோப்பில் ஏறின.

1960களில் அந்நிறுவனத்திடம் கோடிக்கணக்கானோரின் கோப்புகள் இருந்தன. அவற்றைக் கணினிக்கு மாற்றும் பேச்சு எழுந்தபோதுதான் பொதுமக்கள் விழித்துக்கொண்டனர். காகிதக் கோப்பு ஓர் ஊரின் அலமாரியில் கிடக்கும். கணினிக் கோப்போ நொடியில் நாடெங்கும் செல்லும். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வெஸ்டின் அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்களின் முன் இதன் ஆபத்தை விளக்கினார். செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மயர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அது 1970 அக்டோபரில் 'நியாயமான கடன் அறிக்கைச் சட்டம்' ஆகி, 1971 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

தப்பனின் பேரேடு திறந்து 130 ஆண்டுகளுக்குப் பிறகு, எழுதப்பட்டவரும் அந்த அறைக்குள் நுழைந்தார். தம் கோப்பில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தவறு என்றால் மறுக்கலாம். நிறுவனம் மீண்டும் விசாரிக்க வேண்டும். சரிபார்க்க முடியாததை நீக்க வேண்டும். பாதகமான பழைய செய்திகள் பெரும்பாலும் 7 ஆண்டுகளுக்குப் பிறகு அகற்றப்பட வேண்டும். எனினும் அந்த முதற்சட்டம் கோப்பின் சாரத்தைத் தெரிவித்தால் போதும் என்றே சொன்னது. அன்று சந்தாதாரருக்குப் படித்துக் காட்டியதுபோல, இப்போது உரியவருக்கும் படித்துக் காட்டினார்கள். கோப்பிலுள்ள செய்தி முழுவதையும் தர வேண்டும் என்ற திருத்தம் 1996இல் வந்தது. ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. கடன் வழங்குவதில் மதம், இனம், பிறந்த நாடு ஆகியவற்றைக் காரணமாகக் கொள்ளக் கூடாது என்ற விதி 1976இல் சேர்க்கப்பட்டது. நார்வாக் ஊரின் சகோதரர்கள் கேட்ட நியாயம் துண்டு துண்டாக, ஒவ்வொரு தலைமுறையின் போராட்டத்தாலும் கிடைத்தது.

பார்க்கும் உரிமை வந்துவிட்டால் பிழை தானே ஒழிந்துவிடுமா? அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 1,001 பேரின் அறிக்கைகளைச் சரிபார்த்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஐவரில் ஒருவருடைய அறிக்கையிலாவது திருத்த வேண்டிய பிழை இருந்தது. நூற்றில் ஐவருக்கு அந்தப் பிழை கடனின் நிபந்தனைகளையே பாதகமாக்கக் கூடிய அளவில் இருந்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின், ரீடெய்ல் கிரெடிட் கம்பெனியின் வழிவந்த 'ஈக்விஃபாக்ஸ்' நிறுவனத்தின் கணினிகளிலிருந்து ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் தகவல்கள் திருடப்பட்டன. நம்மைப் பற்றிய நோட்டை வைத்திருப்பவர் எத்துணைப் பெரியவராயினும், கண்காணிக்கும் பொறுப்பு நம்மைவிட்டு நீங்குவதில்லை.

பெயர் ஒன்று, ஆள் வேறு

2011இல் கலிஃபோர்னியாவில் ஒருவர் தம் மனைவியுடன் கார் வாங்கச் சென்றார். விற்பனையாளர் அவருடைய கடன் அறிக்கையை வரவழைத்தார். அமெரிக்க அரசு தடை விதித்துள்ள பயங்கரவாதிகள், போதைப்பொருள் கடத்தல்காரர்கள் பட்டியலில் உள்ள பெயருடன் இவருடைய பெயர் ஒத்துப்போகலாம் என்ற எச்சரிக்கை அதில் இருந்தது. அவருக்குக் கார் விற்க முடியாது என்றனர். இறுதியில் மனைவி தம் பெயரில் வாங்கினார். 'டிரான்ஸ்யூனியன்' நிறுவனம் முதற்பெயரையும் கடைசிப் பெயரையும் மட்டுமே ஒப்பிட்டு அந்த எச்சரிக்கையைச் சேர்த்திருந்தது. பிறந்த தேதிகூட ஒப்பிடப்படவில்லை.

அவர் தொடுத்த வழக்கில் அதே நிலையில் இருந்த 8,185 பேர் சேர்க்கப்பட்டனர். 2021 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவ்வழக்கில் தீர்ப்பளித்தது. தவறான அறிக்கை வெளியாருக்கு அனுப்பப்பட்ட 1,853 பேர் மட்டுமே இழப்பீடு கோரலாம். எஞ்சியோரின் கோப்பில் தவறு இருந்தாலும் அது யாருக்கும் அனுப்பப்படாததால் அவர்கள் கோர முடியாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் முடிவாயிற்று.

இச்செய்தியை நாம் எளிதில் கடந்துபோக முடியாது. ஒரே ஊரில் ஒரே பெயர் கொண்ட பலர் வாழும் சமூகம் நம்முடையது. முகமது என்ற ஒரு பெயர் ஆங்கில எழுத்துகளில் எத்தனை வடிவம் கொள்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆதாரில் ஒரு விதம், பான் அட்டையில் ஒரு விதம், வங்கிப் புத்தகத்தில் மற்றொரு விதம். தந்தையின் பெயரை முன்னெழுத்தாக வைக்கும் நம் வழக்கம், குடும்பப் பெயர் கேட்கும் படிவங்களில் குழம்பிப்போகிறது. சில ஆவணங்களில் தந்தையின் பெயரே நம் பெயராகிவிடுகிறது.

எங்களுக்கு அறிமுகமான சிறு வணிகர் ஒருவர் வாழ்நாளில் கடனே வாங்காதவர். ஒரு பொருளின் விநியோக உரிமை பெற வங்கி உத்தரவாதம் தேவைப்பட்டது. வங்கியில் அவருடைய கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்தபோது, கட்டாமல் விடப்பட்ட இருசக்கர வாகனக் கடன் ஒன்று அவர் பெயரில் இருந்தது. பக்கத்து ஊரில் அதே பெயருள்ள வேறொருவரின் கடன் அது. தம் பெயர் துலங்க அவருக்குச் சில மாதங்கள் ஆயின. அதற்குள் விநியோக உரிமை வேறொருவருக்குப் போய்விட்டது. "கடன் வாங்காத எனக்கு இதில் என்ன வேலை என்று இருந்துவிட்டேன்" என்று அவர் சொன்னது இன்னும் எங்கள் காதில் ஒலிக்கிறது.

நம் நாட்டில்

இந்தியாவில் இந்த வரலாறு குறுகியது. வாடிக்கையாளரின் கணக்கை வெளியிடக் கூடாது என்ற இரகசியக் கடமை வங்கிகளுக்கு உண்டு. வாராக்கடன் பெருகியபோது, ஒரு வங்கியில் ஏமாற்றியவர் மறு வங்கியில் கடன் பெறுவதைத் தடுக்கத் தகவல் பரிமாற்றம் தேவை என்ற கருத்து வலுப்பெற்றது. என்.எச். சித்திக்கி தலைமையில் ரிசர்வ் வங்கி அமைத்த குழு 1999இல் இதற்கு வழிகாட்டியது. 2000ஆம் ஆண்டு 'சிபில்' நிறுவப்பட்டது. 2005இல் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்று இயங்குகின்றன. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நான்கிலும் உறுப்பினராக வேண்டும் என்று 2015இல் ஆணையிடப்பட்டது. இலங்கையில் இதே பணிக்கான 'கிரிப்' எனப்படும் கடன் தகவல் பணியகம் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே நிறுவப்பட்டுவிட்டது.

அமெரிக்கர் நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்து பெற்ற உரிமை நமக்குச் சட்டத்தோடு சேர்ந்தே வந்தது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, நம் அறிக்கையின் படியைக் கேட்கவும் திருத்தம் கோரவும் நமக்கு உரிமை அளிக்கிறது. 2017 ஜனவரி முதல் ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். முறையீடு செய்து 30 நாட்களுக்குள் தீர்க்கப்படாவிட்டால், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நம் அறிக்கையை வங்கியோ நிதி நிறுவனமோ எடுத்துப் பார்க்கும்போது நமக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்ப வேண்டும் என்பதும் அதே காலத்து ஆணை. வங்கிகள் பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை தகவலைப் புதுப்பிக்க வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கடன் தகவல் நிறுவனங்களின் மீதான புகார்களை 2022 செப்டம்பர் முதல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமும் கொண்டுசெல்லலாம். வழியெல்லாம் திறந்திருக்கிறது, நடக்க வேண்டியவர் நாம்.

வட்டியைத் தவிர்ப்பவருக்கு இது எதற்கு?

நம் வாசகர் பலருக்கு இக்கேள்வி எழும். வட்டிக் கடனை விட்டு விலகி வாழ்பவரின் பெயரில் என்ன அறிக்கை இருக்கப் போகிறது? விலகி வாழ்வது நற்பேறு. ஆனால் விலகி வாழ்பவர் பெயரிலும் அறிக்கை உருவாகக் கூடும். அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, மேலே கண்ட பெயர்க் குழப்பம். இரண்டாவது, மோசடி. நம் பான் எண்ணையும் அடையாள அட்டையின் நகலையும் எத்தனை இடங்களில் கொடுத்திருக்கிறோம் என்பது நமக்கே நினைவில்லை. அவற்றை வைத்து வேறொருவர் நம் பெயரில் செயலிக் கடன் வாங்கினால், அதை நமக்கு முதலில் காட்டிக்கொடுக்கக் கூடியது இந்த அறிக்கையே. மூன்றாவது, ஜாமீன். நண்பருக்காகவோ மச்சானுக்காகவோ ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு நாம் மறந்துவிடுகிறோம். அக்கடன் ஜாமீன்தாரரின் அறிக்கையிலும் இடம்பெறுகிறது. அவர் தவணை தவறினால் நம் பெயரும் சேர்ந்தே கறைபடுகிறது.

ஜாமீன் என்பது நம் மார்க்கத்தில் எத்துணைக் கனமான சொல் என்பதை நாம் அறிவோம். கடன் பட்டு இறந்த ஒருவருக்கு ஜனாஸா தொழவைக்க நபி (ஸல்) அவர்கள் தயங்கியபோது, அக்கடனுக்கு நான் பொறுப்பு என்று அபூ கத்தாதா (ரலி) அவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகே தொழவைத்தார்கள். அந்தச் சொல் ஒரு மய்யித்தின் சுமையைத் தாங்கியது. அத்தகைய சொல்லை நாம் கொடுத்திருந்தால், அதன் நிலை என்னவாயிற்று என்று பார்ப்பதும் நம் கடமையன்றோ?

இதன் விளைவு கடனோடு நிற்பதில்லை. பொதுத்துறை வங்கிகளில் வேலைக்குத் தேர்வாவோரின் கடன் வரலாறும் பார்க்கப்படுகிறது. பாதகமான கடன் வரலாற்றின் காரணமாக ஒருவரின் பணி நியமனத்தைப் பாரத ஸ்டேட் வங்கி நீக்கியதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025இல் ஏற்றுக்கொண்டது. படித்து முடித்து வேலை தேடும் நம் பிள்ளைகள் இதை அறிந்திருக்க வேண்டும்.

பார்க்கும் முறை

நான்கு நிறுவனங்களின் அதிகாரபூர்வ இணையதளங்களில் பெயர், பிறந்த தேதி, பான் எண், கைப்பேசி எண் ஆகியவற்றைக் கொடுத்து அறிக்கையைப் பெறலாம். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. ஆண்டுக்கு நான்கு இலவச அறிக்கைகள் கிடைப்பதால், மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டு முழுவதும் செலவின்றிக் கண்காணிக்கலாம். 300 முதல் 900 வரையுள்ள மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மூடிவிடலாகாது. பக்கங்களைப் படிக்க வேண்டும்.

முதலில் நம் பெயர், பிறந்த தேதி, பான் எண், முகவரிகள். நாம் என்றும் குடியிராத முகவரி அங்கே இருந்தால் அது எச்சரிக்கை. அடுத்து, கணக்குகளின் பட்டியல். நமக்குரியதல்லாத கடன் உண்டா, அடைத்து முடித்த நகைக்கடனோ வாகனக் கடனோ இன்னும் நிலுவையாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். 'செட்டில்டு' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். முழுத்தொகை கட்டாமல் பேசி முடித்த கடன் என்பது அதன் பொருள். முழுவதும் கட்டியவர் பெயரில் அது இருக்கலாகாது. மூன்றாவதாக, ஜாமீன்தாரராக நாம் இடம்பெற்ற கணக்குகள். இறுதியாக, விசாரணைப் பகுதி. நாம் அணுகாத நிறுவனம் நம் அறிக்கையை எடுத்துப் பார்த்திருந்தால், நம் பெயரில் யாரோ கடன் கேட்டிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

பிழை கண்டால் அந்த நிறுவனத்தின் தளத்திலேயே முறையீடு பதிந்து, கடன் கொடுத்த வங்கிக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். முறையீட்டு எண்ணையும் தேதியையும் குறித்து வையுங்கள். 30 நாள் கணக்கு அன்றே தொடங்குகிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு மதிப்பெண்ணை உயர்த்தித் தருவதாகக் கூறும் இடைத்தரகர்களை நம்ப வேண்டாம். பொய்யை நீக்க நம் முறையீடே போதும். உண்மையான நிலுவையைக் கட்டித்தான் தீர்க்க வேண்டும். அதற்குக் குறுக்கு வழி தேடுவது நமக்குத் தகாது.

தப்பனின் அலுவலகத்தில் பேரேடு விரிந்தபோது, எழுதப்பட்ட கடைக்காரர் எங்கோ தொலைவில் தம் கடையைத் திறந்துகொண்டிருந்தார். அவருக்குக் கிடைக்காத நோட்டு இன்று நமக்குக் கேட்டால் கிடைக்கிறது. நம் பெற்றோர் மாதந்தோறும் அந்தச் சிறிய நோட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனது கடைக்காரர் மீது ஐயம் கொண்டதால் அன்று. கணக்கு இருவருக்கும் தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காகவே. இந்த வாரம் வீட்டில் எல்லோரும் கூடியிருக்கும் ஒரு மாலையில், பெற்றோருடைய அறிக்கையையும் பிள்ளைகளுடைய அறிக்கையையும் எடுத்து ஒன்றாகப் படித்துப் பாருங்கள். பிழை இருந்தால் திருத்துவோம். நிலுவை இருந்தால் அடைப்போம். எவர் கடனும் எவர் தோளிலும் தவறாக ஏறாதிருக்க அல்லாஹ் நமக்குத் துணை செய்வானாக!